ஏறிக்கொண்டே போன பெட்ரோல்

பெட்ரோல் குறைந்திருந்தால் பல் டாக்டர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். கூடியிருந்தது.

போன ஞாயிறு அரை டேங்கில் இருந்த முள், இப்போது முக்காலில் நின்றது. இடையில் அவருடைய சின்ன விமானம் கொட்டகையை விட்டு நகரவே இல்லை.

"மழைத் தண்ணி இறங்கியிருக்குமோ?" என்றார் மெக்கானிக்கிடம். தண்ணீர் கலந்தால் எஞ்சின் நடுவானில் நின்றுவிடும்.

மெக்கானிக் இறக்கைக்கு அடியில் கண்ணாடிக் குப்பியைப் பிடித்துக் கொஞ்சம் வடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பொட்டுத் தண்ணி இல்ல சார். மீட்டர்தான் பொய் சொல்லுது போல."

சற்றுத் தள்ளி, விமானத் திடலின் பெட்ரோல் பம்புக்காரர் இந்தப் பக்கம் திரும்பாமலே குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விமானம் வாங்கும்போது விலையை மட்டும்தான் டாக்டர் கணக்குப் போட்டிருந்தார். கொட்டகை வாடகையும் இன்சூரன்ஸும் பிறகுதான் வந்து கதவைத் தட்டின. வருஷத்துக்கு ஒருமுறை எஞ்சினை அக்கக்காகப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். என்றைக்கோ மாற்றப்போகும் எஞ்சினுக்கு இன்றைக்கே பணம் எடுத்துவைக்க வேண்டுமாம். யானையைக் கட்டித் தீனி போடுகிறவனுக்கு, அது தூங்கும்போதாவது நிம்மதி. இது தூங்கும்போதும் தின்றது. அவர் கைக்கு அடங்கிய ஒரே செலவு பெட்ரோல்தான். அதனால் பறப்பதைக் குறைத்தார். மாதம் ஒருமுறை பறந்தால் பெரிது. மற்ற ஞாயிறுகளில் வந்து துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போய், அடுக்களை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கச் சொல்லி மனைவிக்கு யோசனை சொன்னார்.

"இன்னிக்கும் பறக்கலையா?" என்பாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"இல்ல."

"அப்ப அந்தத் தகரத்த வித்துத் தொலைங்களேன்."

புது மீட்டர் வந்தது. பார்க்க ஸ்கூட்டர் மீட்டர் மாதிரிதான் இருந்தது. விமானத்துக்கு உரியது என்று முத்திரை குத்தியிருந்ததால், ஒரு முழு ஸ்கூட்டரின் விலை.

அடுத்த ஞாயிறு புது மீட்டரில் முள் உச்சியைத் தொட்டது.

"பழசாவது அடக்கமா பொய் சொல்லிச்சு!" என்று அலறிய டாக்டர், டேங்குக்குள் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சியும் மீட்டர் கட்சி.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "டேங்குக்குள்ள ரப்பர் பை இருக்கு சார். அது சுருங்கினா, அளவு ஏறின மாதிரி காட்டும். இறக்கையத் திறந்து பாத்துரலாமா?"

"எவ்வளவு ஆகும்?"

"திறக்கறதுக்கா, மூடறதுக்கா?"

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். இருந்த பெட்ரோலையெல்லாம் வடித்தார்கள். அதை மெக்கானிக் கூலியில் கழித்துக்கொண்டார். இறக்கையைத் திறந்தால், ரப்பர் பை பச்சைக் குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால், இறக்கையை உடம்போடு பிடித்து நிறுத்தும் போல்ட் ஒன்றைத் துரு பாதி தின்றிருந்தது.

"நல்லவேளை சார்," என்றார் மெக்கானிக், குரல் இறங்கி. "இப்படித் திறந்தாலொழிய இது கண்ணுலயே படாது. இன்னும் நாலு தடவை மேல போயிருந்தீங்கன்னா, அஞ்சாவது தடவை நெஜமாவே மேல போயிருப்பீங்க."

டாக்டர் அந்த பில்லைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கட்டினார். யார் செய்த புண்ணியமோ!

உயிர் மிஞ்சியது, சேமிப்பு மிஞ்சவில்லை. அன்று சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார்: "வித்துடலாம்னு இருக்கேன். ஒருத்தர் வந்து பாக்கறேன்னிருக்காரு."

மனைவி தண்ணீர் டம்ளரை நங்கென்று வைத்தாள். "எதுக்கு?"

"நீதானே வித்துத் தொலைங்கன்ன?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். சொன்னதையெல்லாம் செய்யணுமா?"

இவளுக்கு என்னதான் வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் இத்தனை வருஷம் இந்தப் பைத்தியக்காரத்தனத்தோடு குடித்தனம் நடத்தியவளாயிற்றே என்று மனசு நெகிழ்ந்தது. அன்றைக்கு டப்பாக்களைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வாங்க வருகிறவருக்கு முன்னாலேயே கொட்டகைக்குப் போனார். கடைசியாக ஒருமுறை சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருகினார். முள் விறுவிறுவென்று ஏறிக் கால் டேங்கில் போய் நின்றது.

"காலியா வெச்சுட்டுப் போன டேங்குய்யா!" அவர் போட்ட கூச்சலில் மெக்கானிக் ஸ்பானரோடு ஓடிவந்தார். "இதுக்குப் பேய்தான் பிடிச்சிருக்கு! இப்படியே எப்படி இன்னொருத்தர் தலையில கட்டறது? அந்த இன்னொரு இறக்கையையும் திற!"

அதுவரை தூரத்தில் நின்ற பம்புக்காரர், குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து குறுக்கே கையை நீட்டினார்.

"பேயெல்லாம் இல்ல சார், வீட்டம்மாதான்! 'பறந்துட்டு வர்ற அன்னிக்குத்தான் மனுஷன் சிரிச்ச முகமா வீட்டுக்குள்ள வர்றாரு, அவருக்குத் தெரியாம ஊத்தி வைங்க'ன்னு வாராவாரம் தையல் காசக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாங்க."