புதன்கிழமைப் பல்வலி

"கதவை உடை!" என்றார் பல் டாக்டர்.

"ஏன் உடைக்கணும்? தட்டிப் பாக்கலாமே. உள்ள இருக்கற பூதத்துக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்ல?" என்றாள் மச்சினி.

"இரும்புக் கதவா, மரக் கதவான்னு முதல்ல சொல்லுங்க. ரெண்டுக்கும் வேற வேற விதி இருக்கு," என்று தடிப் புத்தகத்தைப் புரட்டினார் ஆடிட்டர்.

மருந்துக்கடைக்காரர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிறு மதியந்தோறும் நடக்கும் ஆட்டம் இது. அவர் கதை சொல்வார். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு கதைக்குள் புகுந்துவிடுவார்கள். அவர்கள் செய்ய நினைப்பது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கோட்டை, புதையல், சிறைப்பட்ட அரசர் என்று வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு கதை தயார் செய்திருந்தார். மூவரும் வாசற்கதவையே தாண்டவில்லை.

ஆட்டம் முடிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மருந்துக்கடைக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். கீழே மூவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

 மாடியில் கீரியும் பாம்புமாக இருந்தவர்களுக்குத் தெருவில் என்ன சிரிப்பு? கதை சொல்ல வேறு யாரோ கிடைத்துவிட்டார்கள். தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள்.

"உன் தங்கச்சி முழியே சரியில்ல," என்றார் மனைவியிடம்.

"பொறந்ததுலேர்ந்தே அவளுக்கு அந்த முழிதான்," என்றாள் மனைவி.

ஆறு நாளும் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அவர். அவர் சொல்வதை நாலு பேர் காது கொடுத்துக் கேட்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது? நினைக்கவே பயமாக இருந்தது. எப்பாடுபட்டாவது மூவரையும் பிடித்து வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

அடுத்த வாரம் பல் டாக்டரைக் குளிர்விக்க ஒரு பூதப்படையையே இறக்கினார்.

"வெட்டறதும் குத்தறதுமா இருந்தா நான் எதுக்கு அத்தான்? வீட்டுல துணியாவது மடிச்சிருப்பேன்," என்று மச்சினி எழுந்தாள்.

பதறிப்போன மருந்துக்கடைக்காரர், பூதப்படைத் தலைவனை அவளிடம் மனம்விட்டுப் பேச வைத்தார். அது பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்து விக்கி விக்கி அழுதது. அழுகையை அவரே நடித்தும் காட்டினார்.

"அழறவனை எப்படிங்க வெட்டறது?" என்று பல் டாக்டர் வாளைக் கீழே போட்டார்.

"பூதத்துக்குக் கண்ணீர் வரும்னு எந்த விதியிலயும் இல்ல," என்றார் ஆடிட்டர்.

சரி, இனி எல்லாம் விதிப்படிதான் என்றார் மருந்துக்கடைக்காரர். விதிப்படி ஈரப் படிக்கட்டில் ஏறுவதற்கும் பகடை உருட்ட வேண்டும். முதல் படியிலேயே வழுக்கி விழுந்து உயிரை விட்டது ஆடிட்டரின் வீரன்தான்.

"இது அநியாயம்!" என்று புத்தகத்தை மூடினார் ஆடிட்டர். போகும்போது பல் டாக்டரின் காதருகே, "மத்ததைப் புதன்கிழமை பாத்துக்கலாம்," என்றார். மருந்துக்கடைக்காரரின் காதிலும் அது விழுந்தது.

"உன் தங்கச்சி புதன்கிழமை எங்க போறா?" என்று மனைவியைக் குடைந்தார்.

"பல் டாக்டர்கிட்ட."

"ஒவ்வொரு வாரமுமா?"

"மூணு மாசமா போறா."

"மூணு மாசமா பாக்கறதுக்கு அவளுக்கு எத்தனை பல்லு?"

"அதை அவகிட்ட கேளுங்க. என் பல்லைப் புடுங்காதீங்க," என்றாள் மனைவி.

புதன்கிழமை மாலை, கடையிலிருந்த பஞ்சைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போய் உட்கார்ந்தார் மருந்துக்கடைக்காரர். நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் மச்சினியின் குரலும் ஆடிட்டரின் குரலும் கேட்டன. மாட்டினார்கள்!

திடீரென்று, "வெட்டித் தள்ளிடுவேன்!" என்று உள்ளிருந்து பல் டாக்டரின் குரல் முழங்கியது.

பக்கத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் சத்தம் காட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டார்.

"அடுத்து நீங்கதான்," என்று நர்ஸ் உள்ளே தகவல் சொல்லப் போனாள். வெளியே வந்த பல் டாக்டருக்கு அவரைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. அவசரமாகப் பின்னால் கதவைச் சாத்தினார்.

"நீங்களா? என்ன இந்தப் பக்கம்?"

"பல்வலி," என்றார் மருந்துக்கடைக்காரர். வேறென்ன சொல்வது? பக்கத்து அறை நாற்காலியில் படுத்து, வாய்க்கு வந்த பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"அடடா, இது நல்லா சொத்தையாயிருக்கே! நல்லவேளை வந்தீங்க, எடுத்துடலாம்," என்றார் பல் டாக்டர். ஊசி போடுவதற்குள் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். வேவு பார்க்க வந்த குட்டு வெளிப்பட்டுவிடக் கூடாதே என்று மருந்துக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொள்ளவும் வழியில்லாமல் ஒரு பல்லை இழந்தார்.

வெளியே வந்தபோது பாதி முகம் மரத்திருந்தது. ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. பல் போனதுகூடப் பரவாயில்லை. தான் இல்லாமலே ஆட்டம் நடக்கிறதே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"உள்ள... வேற ஆட்டமா? கதை சொல்றவன்... யாரு?" என்று குழறினார்.

மரத்த வாய்ப் பேச்சு நர்ஸுக்குப் பழக்கம்தான். உள்ளறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பாவமாக இருந்ததோ என்னவோ, அவர் கையில் பஞ்சைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வேற ஆட்டமெல்லாம் இல்ல சார். மூணு பேரும் ஒத்துமையா விளையாடினா உங்களுக்கு அலுத்துப்போய் ஆட்டத்தையே மூடிடுவீங்களோன்னு பயந்து, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல போடப்போற சண்டைக்கு இங்க ஒத்திகை பாக்கறாங்க!"