ஏகாந்தத்துக்கு ஓர் ஆள் தேவை

மனிதர்களில் ஏகாந்தர் என்றோர் இனம் உண்டு. கூட்டம் ஆகாது, பேச்சு பிடிக்காது, தன்னந்தனியாகக் காரை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையோரப் பழைய ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருவதே பிறவிப் பயன் என்று சொல்லிக்கொள்பவர்கள். சொல்லிக்கொள்பவர்கள் என்பதைக் கவனியுங்கள். கேட்க ஓர் ஆள் இல்லாவிட்டால் இவர்களுடைய தனிமை தொடங்கவே தொடங்காது.

நம் ஏகாந்தர் தண்ணீர்ப் பம்பு விற்கும் கடையொன்றின் மேலாளர். "நானும் ஆறும் மட்டும். நடுவுல யாரும் கிடையாது" என்று உறவினர், வாடிக்கையாளர், முடி வெட்டுபவர் ஈறாக அனைவருக்கும் அறிவித்துவிட்டு அவர் சனிக்கிழமை காலை புறப்பட்டபோது, வழியனுப்ப வந்த மனைவியின் முகம் மலர்ந்திருந்ததற்குக் காரணம் வேறு. திங்கட்கிழமை அந்த அம்மாளுக்கு அலுவலகத்தில் பதவி உயர்வுத் தேர்வு. சென்ற முறை தேர்வுக்கு முதல் நாள் ஏகாந்தர் வீட்டிலேயே அமர்ந்து, வீட்டில் அமைதியே இல்லை என்று மாலைவரை விளக்கிக்கொண்டிருந்ததில் தேர்வு கைநழுவிப் போயிற்று. மனைவியிடம் வேலை பழகிய பெண்ணே மேலதிகாரியாகி, இன்று மனைவி எழுதும் குறிப்புகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். இம்முறையும் தவறினால் வயது வரம்பு கடந்துவிடும். வீடு காலி. மனைவி புத்தகத்தைத் திறந்தார்.

கைப்பேசி ஒலித்தது.

"பழைய பாலத்துக்கிட்ட நிக்கிறேன். என்ன அமைதி தெரியுமா! ஒரு சத்தம் இல்ல. பக்கத்துலயே நல்ல மரநிழல் வேற."

"இங்க உங்க சத்தம் மட்டும்தான் கேக்குது."

"நீ படி, நீ படி. நான் இல்லைன்னே நினைச்சுக்கோ. பலகையில எழுதியிருக்கறத மட்டும் வாசிக்கிறேன், கேளு."

வாசித்தார். பாலத்தைக் கட்டியவன், வெள்ளத்தில் பறிகொடுத்தவன், மறுபடி கட்டிப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டவன் என்று பலகையில் இருந்தவற்றையும், பலகை எழுதியவருக்குத் தெரியாமல் தமக்கு மட்டும் தெரிந்தவற்றையும் சேர்த்தே வாசித்தார். அடுத்த ஊரில் கோட்டை. காணொளி அழைப்பு.

"தெரியுதா?"

"உங்க கட்டைவிரல் தெரியுது."

"அதுக்குப் பின்னாடி பாரு!"

அதற்கடுத்த ஊரில் இரண்டு விடுதிகள். ஆற்றைப் பார்த்த அறையா, தெருவைப் பார்த்த அறையா? உங்களுக்குப் பிடித்ததில் தங்குங்கள் என்றால் விடுவாரா? "அப்படிச் சொன்னா எப்படிம்மா? ரெண்டுக்கும் படம் அனுப்பியிருக்கேன். தலகாணிய மட்டும் நல்லா பாத்துச் சொல்லு."

ஞாயிறு காலை மனைவி கைப்பேசியை அணைத்தார். உலகம் அடங்கிற்று. ஓர் அத்தியாயம் முடிந்தது. அடுத்ததில் பாதியும் முடிந்தது. அப்போது வாசல்மணி அடித்தது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கொழுந்தன் நின்றிருந்தான்.

"அண்ணி, நல்லாத்தான இருக்கீங்க? அண்ணன் நேர்ல பாத்துட்டு வரச் சொன்னாரு."

"பாத்துட்டீங்கல்ல? சொல்லிடுங்க."

"நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணி. லைன்லதான் இருக்காரு."

கதவு சாத்தப்பட்டது. உச்சிவேளையில், பார்க்க வேண்டிய ஊர்களில் பாதியைப் பார்க்காமலே, ஏகாந்தர் வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஏங்க திரும்பிட்டீங்க?"

"நீ ஃபோன எடுக்கல. அப்புறம் அங்க யாருமே இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

"அதுக்குத்தான போனீங்க?"

இப்படிக் கேட்டால் இவ்வினத்தார் என்ன செய்வார்கள்? எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாலத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்தார். மனைவி எழுந்து புத்தகங்களைப் பையில் அடுக்கினார். மேசைமேல் கிடந்த கார்ச்சாவியை எடுத்தார். தம் கைப்பேசியைக் கணவர் கையில் வைத்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"உங்க பாலத்துக்குத்தான். பக்கத்துல நல்ல நிழல் இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க. யாராவது கூப்பிட்டா, தனியாப் போயிருக்காங்கன்னு சொல்லிடுங்க."

ஆற்றோர மரத்தடியில் காரை நிறுத்தி, பின் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு, வெளிச்சம் மங்கும்வரை அவர் படித்தார். பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. தேர்வில் தேறினார், சிவப்பு மை இப்போது அவர் மேசைக்கு வருவதில்லை. ஏகாந்தர் இதைப் பெருமையுடன் ஊரெல்லாம் சொல்லி வருகிறார்: "அவ நிம்மதியாப் படிக்கட்டும்னுதான் நான் ரெண்டு நாள் தனியாக் கிளம்பிப் போனேன். இந்த வீட்ல அந்தத் தியாகம் யாருக்குப் புரியுது?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருக்கையில், பக்கத்தில் தம் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருந்தவரை, "இங்க பாரேன், இத ஒரு நிமிஷம் கேளேன்" என்று கூப்பிட்டீர்களா? கூப்பிட்டிருந்தால், அவர் ஏன் இன்னும் நிமிரவில்லை என்று யோசியுங்கள். கூடவே, உங்கள் கார்ச்சாவி எங்கே இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.