வேலி மேல் வைத்த சாஸ் பாட்டில்

தாஸ்மேனியாவில் வாழும் என் அன்பு மெர்ல் அக்காவுக்கு,

பெனல்லாத் தம்பி லிண்ட்சே எழுதிக்கொள்வது. நானும் என் மகன் கேவினும் நலம், ஆனால் வேறு வேறு முகவரியில். அங்கே நீயும் உன் முட்டிவலியும் உன் பூனையும் எப்படி இருக்கிறீர்கள்? நீ பின்னி அனுப்பிய கம்பளிப் போர்வை பத்திரமாக வந்து சேர்ந்தது, மிக்க நன்றி. கேவின் ஒரு நாள் போர்த்திக்கொண்டான். மறுநாளிலிருந்து அவனுடைய கோழி அதில் ஏறி உட்கார்ந்து முட்டையிடுகிறது. ஊர்க் கண்காட்சியில் பரிசு வாங்கிய கோழி என்பதால் அதை எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. போன கடிதத்தில், 'அரசாங்கம் உனக்கு ஓய்வு கொடுத்ததாமே, நன்றாக ஓய்வெடுத்தாயா' என்று கேட்டிருந்தாய். அக்கா, நாற்பது வருஷம் பால் லாரி ஓட்டியபோதுகூட நான் இப்படிக் களைத்ததில்லை.

என் இடுப்பு எலும்பு தேய்ந்த கதை உனக்குத் தெரியும். மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் இரண்டு முறை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார், இரண்டு முறையும் நான்தான் வேண்டாம் என்றேன். கேவினின் அம்மா மொரீன் போய்ச் சேர்ந்த பிறகு அவனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவும், குளிப்பாட்டவும், சாப்பாட்டைச் சின்னச் சின்னதாக நறுக்கி ஊட்டவும் நான் ஒருவன்தானே இருக்கிறேன். நான் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டால் அவனை யார் பார்ப்பது? அப்போதுதான் டானிகா என்ற பெண் வந்தாள். உதவித்தொகை தரும் அலுவலகத்துக்கும் நமக்கும் நடுவில் நின்று ஏற்பாடு செய்பவள், நல்ல பெண், விதிகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் கண் இமைக்க மாட்டாள். மாற்றுத்திறனாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் கொஞ்சம் மூச்சு விடுவதற்காக, அந்த மாற்றுத்திறனாளியைச் சில நாள் வேறிடத்தில் தங்கவைத்துக் கவனிக்க அரசு பணம் தருமாம். முதலில் ஒரு வாரம் ஒத்திகை. அது ஒழுங்காக நடந்தால் என் ஆபரேஷன் சமயத்துக்கும் தருவார்கள். ஆனால் அந்த வாரத்தில் நான் ஒரு துரும்பை எடுத்துப் போட்டாலும், 'அப்பாதான் கூடவே இருக்கிறாரே, பிறகு எதற்குப் பணம்' என்று கோப்பை மூடிவிடுவார்கள். அக்கா, விஷயம் இவ்வளவுதான். மீதி எல்லாம் கூத்து.

கேவின் பேசுவது எனக்கும் பக்கத்து வீட்டு நோலீனுக்கும்தான் புரியும். மற்றவர்களிடம் பேச, நாற்காலியில் மாட்டிய பலகையில் தட்டுவான். அது வானொலியில் செய்தி வாசிப்பவரின் கம்பீரக் குரலில் பேசும். முப்பத்தாறு வயதில் அவன் என்னைத் திட்டுவதெல்லாம் அந்தக் குரலில்தான், நாட்டுக்கே அறிவித்த மாதிரி இருக்கும். எங்கே தங்க ஆசை என்று டானிகா கேட்டதும் அவன் தட்டினான்.

"கடல் தெரியிற எடம்."

டானிகாவின் முகம் வாடிவிட்டது. "கடல் தெரிஞ்சா அது விடுமுறை கேவின். விடுமுறைக்குக் காசு கெடையாது. இது ஓய்வு."

"யாருக்கு ஓய்வு?"

"உங்க அப்பாவுக்கு."

"அப்ப நான் சந்தோஷமா இருக்கக் கூடாதா?"

"தாராளமா இருக்கலாம். வழக்கமா இருக்கற அளவுக்கு."

"வழக்கமா எனக்கு போரடிக்கும்."

"அது போதும்," என்று அவள் நிம்மதியாகக் குறித்துக்கொண்டாள்.

அதன் பிறகு வீடு தேடினாள். சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவு வேண்டும், தூக்கிவிடும் கருவி வேண்டும், நாற்காலியோடு உள்ளே போய்க் குளிக்கும்படி குளியலறை வேண்டும், வாசலில் படி இருக்கக் கூடாது, ஜன்னலில் கடல் இருக்கக் கூடாது. மாவட்டம் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு ஒரு நாள் போனில் கூவினாள், எல்லாம் பொருந்தும் வீடு ஒன்று, ஒன்றே ஒன்று, அகப்பட்டுவிட்டதாம். முகவரியைப் படித்தாள். நம் வீடு. அந்தக் குளியலறைக்கு ஓடு பதித்தவனே நான். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. "வீட்லயே தங்கிக்க விதியில எடம் இருக்கு லிண்ட்சே. கவனிக்க ஆள் அனுப்புவோம். ஆனா பராமரிக்கிறவர் வீட்ல இருக்கக் கூடாது" என்றாள். "அது என் வீடும்மா" என்றேன். "உங்க வீடுதான், யாரு இல்லேன்னா? ஒரு வாரத்துக்கு நீங்க அதுல இல்ல, அவ்வளவுதான்" என்றாள்.

ஆக, கேவின் ஓய்வுக்குப் போக, நான் வீட்டை விட்டுப் போனேன். நம் பழைய கேரவன் வண்டியை வாசலில் நிறுத்தி அதில் படுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஒரே மனைக்குள் இருந்தால் ஒரே குடும்பம், ஓய்வு செல்லாது என்றாள் டானிகா. நோலீன்தான் இரக்கப்பட்டுத் தன் புல்தரையில் இடம் கொடுத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கேரவன் இந்தப் பக்கம் வந்தது. வந்த வேகத்தில், அவள் புருஷன் சாவதற்கு முன் பழைய டயரை வெட்டிச் செய்து வைத்த அன்னப் பறவைப் பொம்மையை நசுக்கிவிட்டேன். நோலீன் வெளியே வந்து பார்த்துவிட்டு, "போகட்டும் விடு. எனக்கு அதக் கண்டாலே ஆகாது. அந்த மனுஷன் வருத்தப்படுவாரேன்னு வெச்சிருந்தேன்" என்றாள்.

அங்கே போன பிறகுதான், கீழ்வரிசைப் பல்செட்டை வீட்டிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. என் வீட்டுக் கதவை நானே தட்டினேன். கேவினைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சியோனே திறந்தான். டோங்கா தீவுக்காரப் பையன், நிலைக்கதவு அளவு ஆள், குழந்தை மனசு. "அங்கிள், உள்ள மட்டும் வந்துடாதீங்க, உங்க ஓய்வு கெட்டுடும்" என்று கெஞ்சி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டு, சாசேஜ் புரட்டும் இடுக்கியில் பல்செட்டைப் பிடித்து வேலிக்கு மேலாக நீட்டினான். கோழி அடுத்த தகராறு. தினமும் அதற்குத் தீனி வைப்பவன் நான் என்பதால், அது வேலி தாண்டி என் கேரவனுக்கு வந்தது. டானிகாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கோழி யார் பெயரில் இருக்கிறது என்றாள். கண்காட்சியில் கேவின் பெயரில் பதிந்திருக்கிறோம். அப்படியானால் கோழிக்குத் தீனி வைப்பது கேவினுக்குச் செய்யும் உதவி, தொடாதீர்கள் என்றாள். அது என் காலையே சுற்றிச் சுற்றி வந்து என்னை ஈவு இரக்கம் இல்லாதவனைப் போலப் பார்த்தது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோலீன் ஒரு ரொட்டித் துண்டைக் 'கைதவறி'க் கீழே போட்டாள்.

வேலைவெட்டி இல்லாதவன் என்ன செய்வேன்? ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி நின்று வேலிக்கு மேலாகப் பார்த்தேன். சியோனே கேவினைத் தூக்கும்போது தலையைத் தாங்குகிறானா, தொப்பி வைத்தானா, வெயிலில் விட்டானா என்றெல்லாம் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தான். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தப்பாவது செய்ய மாட்டானா என்றிருந்தது. செய்தி வாசிப்பவர் மட்டும் அவ்வப்போது, "அப்பா, தலைய உள்ள இழுத்துக்கோ" என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பகலில் அவர்கள் முற்றத்தில் சாசேஜ் சுட்டார்கள். திடீரென்று கேவின் என்னைப் பார்த்து, "அப்பா, தக்காளி சாஸ் தீந்துபோச்சு. சாஸ் இல்லாம எப்படித் திங்கிறது?" என்றான். மூன்று நாளில் அவன் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான். எனக்கு இடுப்பு வலி மறந்துபோனது. நோலீனின் சமையலறைக்கு ஓடி பாட்டிலை எடுத்து வந்து வேலிக்கட்டை மேல் வைத்தேன். கையை எடுப்பதற்குள், சொல்லி வைத்த மாதிரி டானிகா பக்கவாட்டு வழியாக உள்ளே வந்து நின்றாள்.

"லிண்ட்சே, இது உதவி."

"இது சாஸ்."

"சாஸ் மூலமா உதவி."

நோலீன் ஓடிவந்தாள். "பாட்டில் என்னுது. நான் பராமரிக்கிறவ இல்ல, பக்கத்து வீட்டுக்காரி. நான் குடுக்கலாமில்ல?"

"அடிக்கடி குடுப்பீங்களா?" என்று டானிகா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

நோலீனுக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன அப்படிக் கேட்டுட்ட? ஞாயித்துக்கெழம தவறாம ஆட்டுக்கறி வறுவல் என் வீட்லேர்ந்துதான் போவும். இவரு கடைக்குப் போனா புள்ளைகூட ஒக்காந்திருக்கறது யாரு?"

டானிகா பரிதாபமாக அவளைப் பார்த்தாள். "அப்ப நீங்களும் பராமரிக்கிறவங்கதான் நோலீன். பாவம், நீங்களும் ஓய்வெடுத்தாகணும்."

"எனக்கு எதுக்கும்மா ஓய்வு? அடுப்புல கேக் இருக்கு."

கேக்கை வெளியே எடுக்க அனுமதி கிடைத்தது. இன்னொரு தடவை எங்களில் யாராவது வேலியில் தென்பட்டால், ஓய்வு நடக்கவில்லை என்றுதான் எழுத வேண்டிவரும் என்று டானிகா வருத்தத்தோடு சொன்னாள். ஒரு பாட்டில் சாஸுக்காக என் பிள்ளையின் எதிர்காலத்தைத் தொலைத்துவிடப் பார்த்தேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. நானும் நோலீனும் புல்தரையில் பந்து உருட்டும் பவுல்ஸ் கிளப்புக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தோம். மறுநாளும் அங்கேதான் அடைக்கலம். ஆனால் வியாழக்கிழமை கிளப்பில் இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கல், கேவின் அதைத் தவறவிட மாட்டான். சியோனே அவனைத் தள்ளிக்கொண்டு முன்வாசலில் நுழைந்ததும், நாங்கள் திருடர்களைப் போலச் சமையலறைக்குள் பதுங்கினோம். குலுக்கலில் நோலீனின் எண் விழுந்தது. பல வருஷமாக சீட்டு வாங்குகிறாள், முதல் தடவையாக விழுகிறது. வெளியே வர முடியாமல் கதவிடுக்கில் நின்று பல்லைக் கடித்தாள். ஆள் இல்லை என்று மறுபடி குலுக்கினார்கள், கேவினுக்கு விழுந்தது. நோலீன் என் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும் லிண்ட்சே. ஊர்ல நமக்கு நிக்க எடம் இல்ல. கார்ல கேரவன மாட்டு. கடலுக்குப் போவோம்."

ஆமாம் அக்கா, கடலுக்குத்தான். பராமரிக்கிறவர் கடல் பார்க்கக் கூடாது என்று விதி இல்லையாம். பிள்ளை கேட்ட கடலை மறுத்துவிட்டு எனக்கு அனுமதித்திருக்கிறார்கள். நோலீன் வண்டி ஓட்ட, மலையைச் சுற்றிக்கொண்டு கடலோரத்து லேக்ஸ் என்ட்ரன்ஸ் வந்து சேர்ந்தோம். விடுமுறை சேர்ந்த நீண்ட வாரக்கடைசி, கேரவன்கள் நிறுத்தும் பூங்காவில் ஈ நுழைய இடமில்லை. ஆனாலும் வாசலில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்து, "லிண்ட்சேதானே? வாங்க, தண்ணிய ஒட்டின எடம் உங்களுக்குத்தான்" என்றாள். நோலீன் ஏற்பாடு செய்திருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் செய்ததாக நினைத்து அவள் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள், அதனால் நானும் மறுக்கவில்லை.

நேற்று கரையில் உட்கார்ந்து வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினோம். பேச்சுவாக்கில் பார்த்தால், நோலீனின் மீனை நான் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, முள் பார்த்து, அவள் பக்கம் தள்ளிவைத்திருக்கிறேன். கை தானாகச் செய்திருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நோலீன் ஒவ்வொரு துண்டாக எடுத்து, கடைசித் துண்டுவரை சாப்பிட்டாள். எனக்கு அழுகை வந்தது அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது. என் காலத்துக்குப் பிறகு அவனுக்கு யார் இப்படி நறுக்கிக் கொடுப்பார்கள்? மூன்று நாளாக அவன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அவன் என்னைத் தேடினாலும் எனக்குப் பொறுக்காது, தேடாவிட்டாலும் பொறுக்காது.

ஆகவே உன்னைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், நீ தலைமை ஆசிரியையாக இருந்தவள், கடுமையாக எழுதத் தெரிந்தவள். சாஸ் உதவியில் சேராது, கோழி குடும்ப உறுப்பினர் ஆகாது, சொந்த வீட்டிலிருந்து ஒரு மனிதனைத் துரத்துவதற்கு ஓய்வு என்று பெயர் இல்லை என்று நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடு. இந்த ஒத்திகை கெட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன், ஆபரேஷனை மூன்றாம் முறையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். முடிந்தால் அடுத்த கப்பலில் நீயே புறப்பட்டு வா. உன் முட்டி நன்றாக மடங்கட்டும், உன் பூனைக்கு எலி குறையாமல் கிடைக்கட்டும், உன் கூரை இந்தக் குளிர்காலத்திலாவது ஒழுகாமல் இருக்கட்டும்.

என்றும் உன் சொல் கேளாத தம்பி,
லிண்ட்சே

பின்குறிப்பு: கப்பல் ஏறாதே. கடிதமும் போடாதே. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். தேயிலை எடுக்க அலமாரியைத் திறந்தால், முன்வரிசையிலேயே மூடி திறக்காத தக்காளி சாஸ் பாட்டில் நிற்கிறது. சியோனேயைப் பார்த்தேன், அவன் கூரையைப் பார்த்தான். கேவின் பலகையை இழுத்துக்கொண்டு நிதானமாகத் தட்டினான். டானிகாவின் கார் தெருவில் திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று சாஸ் கேட்டானாம். கடற்கரை இடத்துக்கு ஒரு மாதம் முன்பே என் பெயரில் சொல்லி வைத்தவனும் அவன்தான். நோலீனின் வாயில் இருந்து ஆட்டுக்கறி வறுவல் கதை எப்படியும் வெளியே வந்துவிடும், பிறகு அவளே வண்டி ஓட்டுவாள் என்பதுவரை கணக்குப் போட்டிருக்கிறான். "நீ வேலிகிட்டயே நின்னா எனக்கு எங்க ஓய்வு, அப்பா?" என்றது செய்தி வாசிப்பவர் குரல். நான் இல்லாமல் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். வெகுநேரம் தட்டினான். "இருந்துச்சு. சியோனே சாசேஜ பெருசு பெருசா நறுக்குனான். சொல்லிக் குடுத்தேன். இப்ப உன்ன மாதிரியே நறுக்குறான்." ஓய்வு ஒழுங்காக நடந்தது, அப்பா வெகுதூரத்தில் இருந்தார் என்று டானிகா எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் இன்னும் யோசித்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்துவிட்டு அவன் மறுபடி தட்டினான்: "ஆபரேஷனுக்கு நாள் வாங்கு. இல்லேன்னா மறுபடி சாஸ் கேப்பேன்."

வாங்கிவிட்டேன் அக்கா.