அனுப்பிவைக்கும் அண்ணன்

பயணம் போகிறவர்கள் ஓர் இனம். அவர்களை அனுப்பிவைக்கிறவர்கள் வேறோர் இனம். முதல் இனத்துக்கு ஒரு பெட்டி போதும். இரண்டாவது இனத்துக்கு வாய் மட்டும் போதும். அதில் தலைசிறந்த வகை, அனுப்பிவைக்கும் அண்ணன். திருச்சியைத் தாண்டியிருக்க மாட்டார். ஆனால் அமெரிக்காவில் ஈரத்துண்டை எந்தப் பக்கம் உலர்த்த வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

காரைக்குடி முத்துக்கருப்பன் ஆசாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பா கோயில் வேலைக்கு அமெரிக்கா போன ஸ்தபதி. அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கி, இளைய மகன் அழகுசுந்தரத்தை ஸ்பான்சர் செய்திருந்தார். கல்யாணம் ஆகாத பிள்ளையைத்தான் அப்படி அழைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். முத்துக்கருப்பனுக்கோ மனைவியும் மக்களும் உண்டு. ஆகவே, தம்பியின் வழியாகத் தாமும் அமெரிக்கா போய்விடுவது என்று முடிவு செய்தார்.

அன்றோடு தம்பிக்கு வாய் போயிற்று. "என்னப்பா, எப்பப் பயணம்?" என்று யார் கேட்டாலும் அண்ணன் பதில் சொல்வார். "சாப்பிட்டியா?" என்று கேட்டாலும் அண்ணன்தான். குளிருக்குப் பழக வேண்டும் என்று, சித்திரை வெயிலில் தம்பிக்குக் கம்பளித் தொப்பி மாட்டிக் கொப்புடையம்மன் கோயிலைச் சுற்ற வைத்தார். இட்லியைக் கரண்டியால் வெட்டித் தின்னச் சொன்னார். பெட்டி தாங்குமா என்று பார்க்க அதன்மேல் தாமே ஏறிக் குதித்தார். பெட்டி தாங்கவில்லை.

இவ்வளவு செய்கிறவர் தம்பியின் ஜாதகத்தை விடுவாரா? முதல் தாரம் நிலைக்காது, வாழை மரத்துக்குத் தாலி கட்டி, மரத்தை வெட்டித் தோஷம் கழிக்க வேண்டும் என்றார் ஜோசியர்.

"அதுக்கென்ன அவசரம்?" என்றாள் அண்ணனின் மனைவி பொன்னழகு.

"நாளைக்கு அவனுக்குப் பொண்ணு அமையும்போது, அந்த ஊர்ல வாழை மரத்துக்கு எங்குட்டுப் போறதாம்?"

கிணற்றடி வாழைக்கு மஞ்சள் பூசி, கூறைச்சேலை சுற்றி, கன்றுகளுக்கும் சம்பந்தி மரியாதையாகச் சந்தனம் தடவி, கெட்டிமேளத்தோடு தாலி கட்ட வைத்து, ஒரே வெட்டில் மரத்தைச் சாய்த்தார்.

"நம்ம கல்யாணத்துக்கு ஒத்தை மேளம்தானே வச்சீக?" என்றாள் பொன்னழகு.

பிறகு மெட்ராஸில் விசா நேர்காணல். வாசலிலேயே காவலாளி அண்ணனைத் தடுத்தார்.

"விசா உங்களுக்கா?"

"விசா அவனுக்கு. பதில் எனக்குத்தான் தெரியும்."

விடவில்லை. என்ன கொடுமை பாருங்கள்! "உள்ளதைச் சொல்லுடா. ஒண்ணையும் மறைச்சிராத" என்று தம்பியின் காதில் ஓதி, தனியே உள்ளே அனுப்பினார்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஒருதரம் ஆச்சு."

"சம்சாரம் எங்கே?"

"வெட்டிட்டோம்."

பேனா கீழே விழுந்தது. "யாரு?"

"அண்ணன்தான். மேளம் நிக்கிறதுக்குள்ள வெட்டிரணுமாம். வாசல்லதான் நிக்கிறாக."

இரண்டு காவலாளிகள் ஓடிவந்து முத்துக்கருப்பனின் இரண்டு தோளையும் பிடித்தார்கள். கடைசியில் பதில் சொல்லத் தம்மைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக நடந்தார்.

உள்ளே வாழை வந்தது, தோஷம் வந்தது, மேளம் வாசித்தவரின் வம்சம் வந்தது. மணமகள் மரம்தான் என்பது விசா அதிகாரிக்கு முதல் நிமிடமே விளங்கிவிட்டது. அண்ணனுக்குத்தான் பேச்சு முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதிகாரி, இதை நிறுத்த வேறு வழி தெரியாமல் விசா தருவதாகச் சொல்லிவிட்டார்.

"நான் மட்டும் உள்ள போகலைன்னா கிடைச்சிருக்குமா?" என்று ஊர் முழுக்கச் சொன்னார் முத்துக்கருப்பன்.

அழகுசுந்தரம் அமெரிக்கா போய் இறங்கினான். விமான நிலையத்தில் ஓர் ஆள் பெயர் கேட்டபோது, பின்னால் திரும்பிப் பார்த்தானாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அடுத்தமுறை உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் யாராவது "பேரென்ன?" என்று கேட்கும்போது, அசைவது யாருடைய உதடு என்று மட்டும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.