டோக்கன் நைனாவும் எங்கள் மைசூர் பயணமும்

கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லைனில் ஒரு பிள்ளைகூடத் தொலைந்தது கிடையாது. பெற்றவர்களின் பொறுப்புதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்களெல்லாம் கதை பேச உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தாலும் தெரியாத ஜென்மங்கள். காரணம் டோக்கன் நைனா. உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகைதான் என்பது அவர் கட்சி: வந்து சேர்ந்தவர்கள், இன்னும் வந்து சேராதவர்கள்.

அவருடைய நிஜப் பெயர் லைனில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவி நவநீதக்காவைக் கேட்டால், புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று முந்தானையை இழுத்துக்கொண்டு வெட்கப்படுவார். அவரை "யோவ்" என்று மாரிகுப்பம் வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடுவதில் மட்டும் அக்காவுக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

நைனா சுரங்கத்தில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தவர். பூமிக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் அவரிடம் ஒரு பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டுதான் கேஜில், அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டில், ஏறுவார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் டோக்கனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் பத்திரம். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் பாதாளத்தில். இவ்வளவுதான் சமாச்சாரம். நைனாவுக்கு அது வேதம்.

ஒரு தடவை ஷிப்ட் முடிந்தும் ஒரு ஆணி காலியாகவே இருந்ததாம். சங்கு ஊதி, ஆட்களைக் கூட்டி, லெவல் லெவலாகக் கீழே இறங்கித் தேடியிருக்கிறார்கள். காணாமல் போன மகராசனோ டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பங்காருபேட்டைக்குப் போய் மேட்னி ஷோ பார்த்துவிட்டு, பாட்டை முணுமுணுத்தபடி வந்து சேர்ந்தான். தேடிக் களைத்தவர்கள் அத்தனை பேரும் கையை மடக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். நைனா நடுவில் புகுந்து இரண்டு கையையும் விரித்தாராம்.

"தே, நில்லுங்க! மொதல்ல டோக்கனைக் குடுக்கட்டும். அப்பால அடிங்க."

தொண்ணூறுகளில் சுரங்கத்தில் ஆட்களைக் குறைத்தபோது நைனாவையும் பணத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனுஷர் ஒரு வாரம் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் அந்தச் சுவரில் ஒரு பலகையை அடித்தார். பலகை நிறைய ஆணி. பால்பவுடர் டப்பா மூடிகளை வட்டமாக வெட்டி, லைனில் இருந்த பிள்ளைகள் பெயரை எல்லாம் ஆணியால் கீறி மாட்டினார். அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகள் காலையில் நைனா வீட்டு வாசலில் டோக்கன் எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போக வேண்டும். சாயந்தரம் திரும்ப மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

என் மூத்தவன் சுரேஷ் ஒருநாள் மறந்துபோய் நேராக வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது வாய் உள்ளே போவதற்குள் தலையில் சுரங்க ஹெல்மெட்டோடு நைனா வாசலில் நின்றார்.

"ஏம்மா, சுரேசு இன்னும் வரல."

"இதோ துன்னுகினு இருக்கானே நைனா!"

நைனா அவனை மேலும் கீழும் பார்த்தார். "துன்னட்டும். ஆனா இன்னும் வரல."

பையன் எச்சில் கையோடு ஓடிப்போய் டோக்கனை மாட்டிவிட்டு வந்தான். அதற்கப்புறம்தான் நைனா என்னைப் பார்த்துச் சிரித்து, "தோ, வந்துட்டாம்பாரு" என்றார். நான் பெற்ற பிள்ளை என் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறானா இல்லையா என்பதற்குக்கூட இவர் சர்டிபிகேட் வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட மனுஷரைக் கட்டிக்கொண்ட நவநீதக்காவுக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஆசைதான். மைசூரைப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் கேட்டபோது, "ஷிப்டை யாருகிட்ட வுட்டுட்டு வர்றது?" என்றாராம். வேலை போனபிறகு கேட்டபோது, "போர்டை யாருகிட்ட வுட்டுட்டு வர்றது?" என்றாராம். பேத்தமங்களா ஏரியைத் தாண்டி அக்கா ஊர் பார்த்தது கிடையாது. அதையும் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான்.

அந்த ஜூன் மாதம் என் சின்னவள் மஞ்சு ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தாள். ஸ்கூல் திறந்த அன்றைக்குப் புது யூனிபார்ம், புது ஷூ, புது டிபன் டப்பா எல்லாவற்றோடும் கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட கத்தலில், சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து மண் சரிந்திருக்க வேண்டும். நானும் அவள் அப்பாவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். நிலைதான் ஆடியது. நைனா வந்து அவள் பக்கத்தில் குந்தினார்.

"இன்னாத்துக்கு அழற? தோ பாரு, உன் பேரு போட்ட டோக்கன். இத்த நீ எடுத்துகினு போயிட்டீன்னா, திருப்பிக் கொணாந்து மாட்ற வரைக்கும் நான் இந்த எடத்த வுட்டு நகர மாட்டேன். சோறு துன்ன மாட்டேன். தெரிதா?"

மஞ்சு அழுகையை நிறுத்திக் கொஞ்ச நேரம் யோசித்தாள். ஒரு பெரிய மனுஷரைப் பட்டினி போடும் அதிகாரம் கைக்கு வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? டோக்கனை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுதது நான்தான்.

பிள்ளைகள் இருவரும் ஸ்கூலுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. மிஷின் பேக்டரியில் வெல்டராக இருந்த என் வீட்டுக்காரர் அன்று லீவு. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். பத்து வருஷக் கல்யாணத்தில் அவர் ஷிப்ட், என் பிள்ளைப்பேறு, மே மாதமானால் குடியாத்தத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும் அவர் சொந்தபந்தம். இதில் நாங்கள் இருவர் மட்டும் எங்கேயும் போனதில்லை. திடீரென்று அவர், "மைசூருக்குப் போயிட்டு வரலாமா?" என்றார். நவநீதக்காவிடம் ஓடினேன்.

"போயிட்டு வா கண்ணு. பசங்கள நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா. அப்புறம் மெதுவாக, "அரமனை எப்டி இருந்திச்சின்னு வந்து சொல்லு" என்றார். எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

புதன்கிழமை கிளம்பும்போது நைனா வழியை மறித்தார். கையில் இரண்டு புது டோக்கன்கள். ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் என் வீட்டுக்காரர் பெயர்.

"நைனா, நாங்க இன்னா இஸ்கூலுக்கா போறோம்?" என்று என் வீட்டுக்காரர் நெளிந்தார்.

"எங்க போனா இன்னா? நாளைக்கி சாயங்காலம் ரெண்டும் ஆணில தொங்கணும்."

அப்படியாக, மைசூர் அரண்மனையின் கண்ணாடிக் கூரையையும் வெள்ளிக் கதவுகளையும் நாங்கள் இடுப்பில் பால்பவுடர் டப்பா மூடியைச் செருகிக்கொண்டு பார்த்தோம். மறுநாள் சாமுண்டி மலை நந்தி முன்னால் நிற்கும்போது என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போலாமா?" என்றார். பத்து வருஷத்தில் அந்த மனுஷர் வாயிலிருந்து வந்த முதல் காதல் வசனம் அதுதான். முடியாது என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? லைன் முனை மளிகைக்கடைக்குப் போன் போட்டு, "நாளைக்குத்தான் வருவோம்னு நைனா கிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு, பிருந்தாவனத்துக்கு பஸ் ஏறினோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயிலுக்காக மைசூர் ஸ்டேஷனுக்கு வந்தால், வாசலில் ஒரே கூட்டம். "நில்ரீ, நில்ரீ! ஒப்பொப்பரே ஹோகி!" என்று கன்னடத்தில் ஒருவர் அதட்டிக்கொண்டிருந்தார். ஜனங்களும் அடங்கி ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனில் இவ்வளவு கண்டிப்பான ஆளா என்று எட்டிப் பார்த்தேன். தலையில் சுரங்க ஹெல்மெட். நைனா!

பக்கத்தில் நவநீதக்கா, மடியில் டிபன் கேரியர். இந்தப் பக்கம் சுரேஷ், அந்தப் பக்கம் மஞ்சு. இருவரும் புது யூனிபார்மில், டையோடு.

"நைனா! போன் பண்ணிச் சொன்னோமே!" என்று அலறினேன்.

"சேதி வந்திச்சு. டோக்கன் வரலியே?" என்றார் நைனா, சாதாரணமாக. "வாய்ச்சேதிய வெச்சிகினு ஆளு வந்துட்டாருன்னு எழுத முடியுமா?"

"இம்மாம் பெரிய ஊர்ல எங்கள எங்க தேடுவீங்க?"

"எதுக்குத் தேடணும்? எந்த லெவல்ல சுத்தினாலும் மேல வர்றதுக்கு வழி ஒண்ணுதான். அங்க குந்திகினா ஆளு வந்துதான ஆவணும்?"

போர்டை அன்றைக்கு மட்டும் மளிகைக்கடைக்காரர் பொறுப்பில் விட்டு வந்தாராம். யூனிபார்ம் எதற்கு என்று கேட்டதற்கு, கூட்டத்தில் பிள்ளைகள் தனியாகத் தெரியணும் என்றார். அதைவிட சுரேஷ் சொன்னதுதான் என் தலையில் இடியாக இறங்கியது. "காலைல டீச்சர் வூட்டுக் கதவைத் தட்டி லீவு சொல்லிட்டோம்மா. அப்பாவும் அம்மாவும் தொலைஞ்சு போயிட்டாங்க, தேடப் போறோம்னு சொன்னேன்."

என் வீட்டுக்காரர் டோக்கன்களை எடுத்துக் கொடுத்தார். நைனா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "செரி, ஆளு வந்தாச்சு. கெளம்பலாம். அடுத்த ரயிலு எப்ப?"

அப்போதுதான் நவநீதக்கா எழுந்தார்.

"யோவ், நீ ஒரு மனுசனாய்யா? கட்டிகினு வந்த நாளா மைசூரு மைசூருன்னு அடிச்சிகினேன். இன்னிக்கி இட்டாந்து, அரமனை இருக்கற ஊர்ல இந்த ஸ்டேசன் கேட்டைக் காட்டிட்டுத் திருப்பி இட்டுனு போறியே! நான் வரல போ!" சொல்லிவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டார். குரல்தான் பெரிசாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

நைனா ஹெல்மெட்டைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். "இல்ல மே… வந்தவங்கள வுட்டுட்டு நாம எப்பிடி…"

என் வீட்டுக்காரர் இருக்கிற இடம் தெரியாத மனுஷர். அவர் அன்றைக்கு அந்த இரண்டு டோக்கன்களையும் நைனா கையிலிருந்து பிடுங்கி, ஒன்றை நவநீதக்கா கையிலும் இன்னொன்றை நைனா சட்டைப் பையிலும் வைத்தார்.

"இப்ப நீங்க ரெண்டு பேரும் போறீங்க. நான் இங்க நிக்கறேன்."

"வர்ற வரைக்கும் நிப்பியா?" நைனா நம்பவில்லை.

"நிப்பேன்."

"டீ குடிக்கப் போவ மாட்டியே?"

"போவ மாட்டேன் நைனா."

நைனா ஹெல்மெட்டை அவர் தலையில் வைத்து, பட்டையை இழுத்துக் கட்டினார். அப்புறம், தெருவைக் கடக்கத் தெரியாதவர் மாதிரி, அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார்.

எங்கள் ரயில் வந்தது, போனது. அடுத்ததும் போனது. பிள்ளைகள் டிபன் கேரியரைக் காலி செய்துவிட்டு மூட்டை மேல் தூங்கினார்கள். முதலில் நானும் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். போகப் போகச் சிரிப்பு நின்றது. நைனாவுக்கு இந்த ஊரில் வழி தெரியுமா? அக்காவுக்கு முழங்கால் வலி ஆயிற்றே, படியில் விழுந்துவிட்டாரோ? வந்து நிற்கும் ஒவ்வொரு ஆட்டோவுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.  மனுஷர் ஆயுசு முழுக்க இதையா செய்துகொண்டிருந்தார், தினம் தினம், ஊரார் பெற்ற பிள்ளைகளுக்காக? அதை நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹெல்மெட்டோடு நின்ற என் வீட்டுக்காரர் டீக்கடைப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் இருவரும் வந்தார்கள். அக்கா தலையில் மல்லிகைப்பூ, கையில் சோளப்பொரி. என்னவோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். நைனா சட்டையெல்லாம் வேர்வை, முகமெல்லாம் பல். என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

"லேட்டாயிட்ச்சும்மா. தர்பார் மண்டபத்த வுட்டு இவ வெளிய வர மாட்டேன்னுட்டா. கோச்சுகினியா?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"வந்துட்டீங்க இல்ல நைனா" என்றேன். "குந்துங்க. மொதல்ல தண்ணி குடிங்க."