அடக்கப் பெட்டிக்காரர்

இடத்தை மிச்சம் பிடிப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் நான்காவதாக வந்து ஒண்டிக்கொண்டு, "கொஞ்சம் நெருங்குனா இன்னொருத்தர் தாராளமா உக்காரலாமே" என்று ஐந்தாவது ஆளையும் கையசைத்துக் கூப்பிடுகிறவர். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்க்காமல் பந்தலின் நீளத்தைப் பார்த்து, இதில் இன்னும் நாற்பது நாற்காலி போடலாம் என்று பெருமூச்சு விடுகிறவர். நாட்டில் இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று இவருக்கு மட்டும் தனியாகத் தகவல் வந்திருக்கிறது போலும்.

இந்த இனத்தின் முதல் வரிசைக்காரர் ராஜபாளையத்தில் இருக்கிறார். பெயர் நவநீதகிருஷ்ணன். அதையும் இடத்தை அடைக்கிறது என்று ந.கி. ஆக்கிவிட்டார். தொழில், பெட்டி செய்வது. வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிள் இருக்கிறதே, அதில் மீதமாகிறதைச் சுருட்டிக் கம்பத்தில் வைத்துப் பூட்டுகிற பெட்டி. யார் எந்த அளவில் கேட்டாலும் அதில் பாதி அளவில் செய்து கொடுப்பார். கேட்டவர் திகைத்து நிற்கும்போது கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார். இமயமலையைச் செய்தவருக்கும் அந்தப் பார்வைதான் கிடைக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். கட்டில் சுவருக்குள் மடங்கும். மேஜை கட்டிலுக்குள் மடங்கும். அவர் மனைவி இந்து கொஞ்சம் புளி எடுக்க வேண்டுமென்றால் மிக்சியை இறக்கி, பின்னாலிருக்கும் அரிசி டப்பாவை நகர்த்தி, அதற்குள்ளிருக்கும் பருப்பு டப்பாவைத் தூக்கி, அதற்குள்ளிருக்கும் மிளகாய் டப்பாவைத் திறப்பதற்குள் அலுத்துப்போய், இன்றைக்குத் தயிர் சோறு போதும் என்று முடிவு செய்துவிடுவார். இவ்வளவு பாடுபட்டு மிச்சம் பிடித்த இடத்தில் ந.கி. என்ன வைத்தார்? இன்னொரு பெட்டி வைத்தார்.

பட்டறை வாசலில் 'இங்கு அடக்கப் பெட்டிகள் செய்து தரப்படும்' என்று போர்டு வைத்திருக்கிறார். அடக்கமான பெட்டி என்று அர்த்தமாம். ஒருநாள் கிருஷ்ணன்கோவிலிலிருந்து இரண்டு பேர் கண் சிவக்க வந்து, "ஆறடியில ஒண்ணு உடனே வேணும்" என்று தழுதழுத்தார்கள். ந.கி. உற்சாகமாகிவிட்டார். "ஆறடி எதுக்குய்யா? மடக்கி மூணடியில முடிச்சிருவோம்!" வந்தவர்கள் அடிக்காமல் போனது அவர்களுடைய பெருந்தன்மை.

இப்படிப்பட்டவரிடம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் அபுபக்கர் வந்து சேர்ந்தார். ரத வீதிகளைச் சுற்றி நானூறு வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுப்பவர். அவருடைய சிக்கல் வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாது. ஆடிப்பூரத்துக்குத் தேர் வரும். அந்தத் தேர் எந்தக் கேபிளுக்கும் குனிந்து கொடுக்காது. எனவே வீதியின் குறுக்கே போகும் பன்னிரண்டு கேபிளையும் கழற்றி இறக்க வேண்டும். இறக்கியதைக் கண்டபடி சுருட்டி வைத்து, அது மிதிபட்டு, மறுபடி இழுத்து மாட்ட மூன்று நாளாகிவிடுகிறது. அந்த மூன்று நாளில் ஒரு பெரிய கம்பெனியின் ஆட்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள்.

"அண்ணாச்சி, இந்த வருசம் தேர் தாண்டுன ஒரு மணி நேரத்துல நெட்டு வரணும். வரலைன்னா என் தொழிலு அம்புட்டுதான். ஒரு முனையைக் கழத்திச் சுருட்டிக் கம்பத்துலயே வச்சுக்கிற மாதிரி பன்னெண்டு பொட்டி வேணும். தாம்பாளம் அகலத்துக்கு இருந்தாப் போதும்."

"தாம்பாளமா? பாய், டிபன் பாக்ஸ் அளவுல தாரேன்" என்றார் ந.கி.

அபுபக்கருடன் வந்திருந்த சதீஷ், பத்து வருஷமாக அறுந்த கேபிளை ஒட்டுகிறவர், பதறிப்போனார். "அண்ணாச்சி, செத்த கேளுங்க. உள்ள இருக்கது கண்ணாடி நூலு. தலைமுடி கனந்தான். வளையும், ஆனா ரொம்ப நெருக்கி வளைச்சா உள்ள போற வெளிச்சம் வெளிய கசிஞ்சிரும். இன்னும் இறுக்குனா இழையே விண்டுரும். அதனால சுருட்டுத உருளை, நடுப்புள்ளியில இருந்து ஓரம் வரைக்கும் அளந்தா…"

"சுருக்கமாச் சொல்லும்."

"முப்பது மில்லிமீட்டராவது…"

"முப்பது. அம்புட்டுதான? இதுக்கா இம்புட்டுப் பேச்சு!"

உருளை அகலம் முப்பது என்று குறித்துக்கொண்டார். நடுவிலிருந்து ஓரம் வரை முப்பது என்றால் முழு அகலம் அறுபது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். ந.கி.க்கும் தெரியும். ஆனால் அவர்தான் அந்த வாக்கியத்தையே பாதியில் மடக்கிவிட்டாரே! வாழ்நாளெல்லாம் வேண்டுமென்றே பாதியாக்கியவர் அன்றைக்குத் தெரியாமலே பாதியாக்கினார்.

பெட்டிகள் அழகென்றால் அப்படி ஓர் அழகு. உள்ளங்கையில் நிற்கும். தேருக்கு முன்தினமே பன்னிரண்டு கேபிளையும் இறுக்கிச் சுருட்டி உள்ளே திணித்து, மூடி போடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க ந.கி. பன்னிரண்டு கம்பத்தடியிலும் போய் நின்றார்.

தேர் போயிற்று. கூட்டம் போயிற்று. ஏணி போட்டு ஏறி, கேபிளை இழுத்து, எதிர்ப்பக்கம் மாட்டினார்கள். நெட்டு வரவில்லை. ஒன்றில் கூட வரவில்லை. இருட்டத் தொடங்கும் நேரத்தில் சதீஷ் ஒரு முனையில் சிவப்பு விளக்கை வைத்துச் சோதித்தார். வெளிச்சம் மறுமுனைக்குப் போகாமல், நெருக்கி வளைத்ததில் இழை விண்டிருந்த இடத்திலெல்லாம் வெள்ளை உறையைத் தாண்டிப் புள்ளி புள்ளியாகச் சிவந்து கசிந்தது. திருவிழா முடிந்து திரும்பிக்கொண்டிருந்த மாரிசெல்வி என்ற பெண்மணி நின்று பார்த்து, "சீரியல் லைட்டு நல்லாருக்கே, யாரு போட்டது?" என்றார்.

ந.கி. வாயைத் திறந்தார். "பொட்டியில ஒரு குறையும் இல்ல பாய். கேபிளுதான் கொஞ்சம் ரோசக்காரக் கேபிளு."

புதுக் கேபிள் வந்து மாட்ட ஐந்து நாளாயிற்று. அதற்குள் நானூறில் இருநூற்றெழுபது வீடுகள் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டன. அபுபக்கர் பன்னிரண்டு பெட்டியையும் ஒரு பைக்குள் போட்டுக் கொண்டுவந்து ந.கி.யின் மேஜையில் வைத்தார்.

"நானூறு வீட்டை நூத்தி முப்பதா ஆக்கீட்டிய அண்ணாச்சி. இனி எனக்குப் பொட்டி வேண்டாம். சட்டைப்பையே போதும்."

அதைக் கேட்டு ந.கி.க்கு உண்மையிலேயே வலித்தது. எதையும் எதற்குள்ளும் வைக்கத் தெரிந்தவருக்கு அந்த வலியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மறுநாளே சதீஷைத் தேடிப் போய், எதிரே உட்கார்ந்து, "தப்பு எம்பேர்லதான். முதல்ல இருந்து முழுசாச் சொல்லும், கேக்கேன்" என்றார். சதீஷும் மனமிரங்கி, கண்ணாடி நூலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது நிமிஷம் ந.கி.யின் கை தானாக உயர்ந்தது.

"சரி, சுருக்கமாச் சொல்லும்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். சதீஷ் முதல்முறை அந்தக் கண்ணாடி நூலைப் பற்றி விளக்கிய இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒவ்வொரு வரியாகப் படித்தீர்களா, அல்லது 'சரி, பெட்டி என்னாயிற்று?' என்று கண்ணை நாலு வரி கீழே இறக்கிவிட்டீர்களா? வேண்டாம், இப்போது மேலே போய்த் தேடவேண்டாம். எனக்குத் தெரியும். உங்களுக்கும் பட்டறை போட ராஜபாளையத்தில் ஓர் இடம் பார்க்கட்டுமா? சின்ன இடம் போதும்தானே?