ஆத்துக் கணக்கரும் அவருடைய பாவற்கொடியும்

உலகத்தில் ஓடும் ஆறுகளுக்கெல்லாம் தன் சொந்த வீட்டுச் செலவுபோலக் கவலைப்பட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, ஜேர்மனியின் ஹனோவர் நகரத்தில் இருக்கும் எங்கள் ஆத்துக் கணக்கர்தான். சொந்தப் பெயர் வேறு. அதை அவர் மனைவியே மறந்திருப்பார்.

பகலில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை. ஓர் ஆற்றை மறித்து வயலுக்குப் பாய்ச்சினால் என்ன விளையும், அதனால் கீழே ஆறு வற்றினால் யாருக்கு என்ன போகும், இரண்டையும் நிறுத்துப் பார்த்து அந்தப் பாசனம் தேவையா என்று சொல்ல வேண்டும். நல்ல தொழில்தான். மாலையில் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் அல்லவா!

பிறந்தநாள் விழாவில் மட்டன் ரோலுக்கு நிற்கும் வரிசையும் அவருக்கு ஆறுதான். முன்னால் நிற்பவனின் தட்டை எட்டிப் பார்ப்பார்.

“தம்பி, மேலை நிண்டு நாலு ரோல் எடுக்கிறீர். உமக்கு நாலாவதாலை வாற சந்தோசம் பெரிசோ, கடைசியிலை நிக்கிற மனிசிக்கு ஒண்டும் கிடையாத துக்கம் பெரிசோ?”

அவன் வெட்கத்தில் ஒன்றைத் திருப்பி வைப்பான். கை பட்ட ரோலை வேறு யார் எடுப்பது? “இப்ப ரெண்டு பக்கமும் நட்டம்,” என்று அதையும் அவரே அறிவிப்பார்.

நகருக்கு வெளியே ஒரு சிற்றாற்றங்கரையில் எங்கள் நான்கு குடும்பங்களுக்கும் வாடகைத் தோட்டம் இருந்தது. ஆறு வரும் பக்கத்து மேல் வரிசை எங்களுடையது, கீழ் வரிசை மற்றவர்களுடையது. அங்கே குழாய் இல்லை. ஆற்றில் மோட்டர் போட்டுத்தான் இறைப்போம். கணக்கரின் துண்டில் ஒரு பாவற்கொடி. வருடா வருடம் குளிரில் செத்துப்போகும். வெயில் கொளுத்திய அந்தக் கோடையில்தான் முதன்முதலாகப் பிஞ்சு பிடித்தது. மனிதர் வேலை முடிந்து நேரே வந்து அதன் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பார்.

அதே வெயிலில் ஆறு நூல்போல மெலிந்தது. மேல் வரிசை இனி இறைக்கலாமா என்று முடிவெடுக்கத் தோட்டச் சங்கம் கூட்டம் வைத்தது. எங்களுக்குப் பயமே இல்லை. ஆற்றையே படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர் எங்கள் பக்கம் இருக்கிறாரே!

“அண்ணை, நீங்கள்தான் எங்களுக்காகக் கதைக்கோணும்.”

“ஓம், கதைக்கிறன்.”

என்ன கதைப்பீர்கள் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

மனிதர் எழும்பிச் சுத்தமான டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், தொடங்கினார். பாய்ச்சுவதால் வரும் நன்மை எங்கள் கண்முன்னே காய்த்துத் தொங்குகிறது. அதற்கான செலவு கீழே, நாங்கள் எட்டிப் பார்க்காத இடத்தில் கிடக்கிறது. எங்கள் மிளகாய் போனால் வருகிற வருடம் நடலாம். கீழ் வரிசைத் தோட்டக்காரி ஹெல்காவின் அப்பிள் மரங்கள் பட்டுப்போனால் திரும்ப வளர எத்தனை காலம்? மீன்களுக்குப் போக வேறு ஆறு உண்டா? ஆகவே மேல் வரிசை மோட்டரை நிறுத்துவதுதான் எல்லாருக்கும் லாபம்! சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கீழ் வரிசை கைதட்டியது. மோட்டருக்குத் தடை விழுந்தது.

வாசலிலேயே பக்கத்துத் தோட்டத்து வசந்தி அக்கா பிடித்துக்கொண்டார்.

“உங்களை நம்பியெல்லோ கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்! உங்கடை பாவலும் சாகப்போகுது, தெரியுமோ?”

“ஓம். அதையும் சேர்த்துத்தான் பார்த்தனான்.”

சொல்லிக்கொண்டே தோட்டம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

எங்கள் மிளகாய்க் கன்றுகளைச் சாடிகளில் வைத்து வீட்டு பல்கனிக்குக் கொண்டுபோனோம். பந்தலில் ஏறிய கொடியை எங்கே கொண்டுபோவது? இலைகள் சுருண்டன. கணக்கர் தோட்டத்துப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். பார்க்க ஏலாதாம்.

வசந்தி அக்காதான் தொடங்கினார். வாயால் அவரைத் திட்டிக்கொண்டே, அரிசி கழுவிய தண்ணீரைக் கலனில் நிரப்பிக் காரில் கொண்டுவந்து கொடிக்கு ஊற்றினார். பிறகு நான். பிறகு மற்ற வீடும். அந்தக் கோடையில் சமைத்த அளவு சோறு நாங்கள் ஜேர்மனிக்கு வந்தபிறகு சமைத்ததே இல்லை. பாண் தின்ன ஆசைப்பட்ட பிள்ளைகளுக்கும் சோறுதான்.

ஒரு சனிக்கிழமை, செத்த கொடியை வெட்டக் கத்தியோடு வந்தார் கணக்கர். பந்தல் நிறையக் காய். கீழே கலனோடு நான்.

“காரிலையோ கொண்டு வாறியள்? பெற்றோல் செலவைப் பார்த்தனீங்களோ? கடையிலை பாவக்காய் கிடக்குதெல்லோ! இது சுத்த நட்டம்!”

“ஓம் அண்ணை, நட்டம்தான். நீங்கள் முகம் வாடித் திரியிறதை எங்களாலை பார்க்க ஏலாமல் போச்சு.”

கத்தியைக் கீழே வைத்தார். கலனை வாங்கி மிச்சத் தண்ணீரை வேரில் மெல்ல ஊற்றினார்.

“நாளைக்கு ஆர் வாறது?” என்று கேட்டார்.

எனக்கு அடுத்த நாள் ஆயிரம் வேலை. ஆனாலும் நான்தான் வாறன் என்று சொன்னேன். அந்த மனிதரில் எனக்கு அவ்வளவு பிரியம்.